முடியாத பதிவு

“உன் அக்கவுண்டைக் கொஞ்சம் குடு வில்மார். ஒரு டெஸ்ட் ஓட்டிட்டுத் திருப்பித் தர்றேன்.”

“எடுத்துக்கோ தாயி. என் மாத்தே டீக் குடுவையைக் கேட்டாத்தான் குடுக்க மாட்டேன். நீ உறிஞ்சினா எனக்கு வெறும் இலைதான் மிஞ்சும்!”

கூட வேலை பார்த்த வில்மாரோடு பேசிய அந்த வெள்ளிக்கிழமைப் பேச்சு நொயெலியாவின் காதை விட்டுப் போகவில்லை.

வங்கிக் கணினிகளுக்குள் முழு அதிகாரத்தோடு நுழைகிறவர்களின் ஒவ்வொரு தட்டலையும் படம்பிடிக்கும் மென்பொருள் ஒன்று அவர்கள் அலுவலகத்தில் உண்டு. அது ஒழுங்காகப் பிடிக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. அதற்காக ஒரு கணக்கின் மேல் ‘சோதனை’ என்று அடையாளம் போட்டால், அதில் என்ன நடந்தாலும் எச்சரிக்கை மணி அடிக்காது. காவல் அறையில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அன்று வில்மாரின் கணக்கிலிருந்து அந்த அடையாளத்தை எடுக்க மறந்து வீட்டுக்குப் போனாள். மறுநாள் இயந்திர அறையில் தனியாக இருந்தவனுக்கு நெஞ்சு வலித்தது. கைபேசி அங்கே எடுக்காது. திரையில் தட்டித் தட்டி உதவிக்குக் கூப்பிட்டிருக்கிறான்; மணி அடிக்காததால் யாரும் வரவில்லை. திங்கள் காலை அந்தப் பதிவைப் பார்த்தாள். அழித்தாள். அடையாளத்தையும் எடுத்துவிட்டாள்.

“யாரையும் கூப்பிடக்கூட நேரமில்லாமப் போயிட்டாரு. வலி தெரியலைல, அதுவே ஆறுதல்” என்று அடக்கத்தன்று அவன் மனைவி நெலீதா நொயெலியாவின் தோளில் சாய்ந்தாள். நொயெலியா அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அந்தக் கை இன்றும் கூசியது.

இன்று உருகுவே அணியின் கால்பந்து ஆட்டம். மோந்தெவிதேயோ நகரமே தொலைக்காட்சி முன்னால் இருக்க, ஈரக் கம்பளிக் கோட்டுகளின் வாடையும் குளிரூட்டியின் ஒரே சீரான முனகலும் மிஞ்சிய அலுவலகத்தில் அவள் மட்டும் தன் கணக்கில் அடையாளம் போட்டு, நுழைந்து, நாலு எழுத்துத் தட்டி, வெளியேறி, பதிவை ஓடவிட்டாள்.

அவள் வெளியேறிய பிறகும் பதிவு ஓடியது.

வெற்றுத் திரையில் ஒரு எழுத்து. அழிந்தது. மறுபடி அதே எழுத்து. தயங்கித் தயங்கி, பலமில்லாத விரல் தட்டுவதுபோல.

காவல் அறைக்குப் போன் போட்டாள். “ஆல்சிதெஸ், என் கணக்குல வேற யாரோ இருக்காங்க.”

“அட போங்கக்கா, டெஸ்ட்னு போட்டிருக்கே! பெனால்டி அடிக்கப் போறாங்க, வைங்க.”

வயரைப் பிடுங்கினாள். திரை அணையவில்லை. எங்கிருந்தோ சுடச்சுட மாத்தே வாசனை.

அந்த மென்பொருள் ஒலியைப் பதிவதே இல்லை. ஆனாலும் மூச்சுச் சத்தம். இழுத்து. இழுத்து. பக்கத்தில்.

இல்லை. பக்கத்தில் இல்லை.

அவள் நெஞ்சுக்குள்.

வாயைப் பொத்தினாள். கை தானாக விலகியது. உதடு அசைந்தது. வந்தது வில்மாரின் குரல்.

“தாயி... நான் கூப்பிட்டேன்னு நெலீதாகிட்ட சொல்லிடு.”