பச்சை மேல் கறுப்பு

சரியாக ஒன்பது நாள், நான்கு மணி நேரம்!

சைகோனின் 'பென்-தான்' சந்தைக்குப் பின்னால், ஒரு தெருமுனையில், ஒரு பச்சைக் கார் ஒருவனை அடித்துக் கொன்றுவிட்டு நிற்காமல் பறந்து அவ்வளவு நேரம் ஆகியிருந்தது.

இப்போது அதே கார்... அந்துவானேத்தின் வீட்டுக் கொட்டகையில்!

1935-ஆம் ஆண்டு சைகோனில், வீட்டிலேயே கார்களுக்கு ஸ்ப்ரே பெயிண்ட் அடித்துத் தரும் ஒரே இடம் அது.

அவள் நெற்றிக்கு நேராக ஒரு கைத்துப்பாக்கி.

"கத்தாதீங்க மதாம்! என் பேரு ரோஜே. நாலு மணிக்குள்ள இது கறுப்பாகணும். நான் எல்லை தாண்டி நோம்பென் போகணும்."

"எ... என் வீட்டுக்கு ஏன்?"

"கராஜ் எல்லாத்துலயும் போலீஸ் சொல்லி வச்சிருக்கு. இந்தத் தெருவை அவங்க தேடி முடிச்சாச்சு. இனிமே வர மாட்டாங்க. அன்னிக்கு வேகமாப் போறப்போ உங்க போர்டு கண்ணுல பட்டுது."

அவள் தன் கவுனை இறுக்கிப் பிடித்தாள்.

"கறுப்பு கவுனா? நல்லதாப் போச்சு. பெயிண்ட் பட்டாலும் தெரியாது!" சிரித்தான். "ம், பிரஷை எடுங்க."

"பிரஷ்னா எண்ணெய் பெயிண்ட், மெஸ்யே. காய ரெண்டு நாள் ஆகும். நைட்ரோ பெயிண்ட்தான் நிமிஷத்துல காயும். அதை பிஸ்தோலேயில, அதான் இந்த ஸ்ப்ரே துப்பாக்கியில, பீச்சணும்."

"பிஸ்தோலே என்கிட்டயும் இருக்கு! ஞாபகம் வச்சுக்குங்க."

உப்புத்தாளும் சுரண்டியுமாகக் காரைச் சுற்றினாள். வலது மட்கார்டில் நகம் பதிந்தது. ஆளிவிதை எண்ணெய் வாசனை!

"இங்க யாரு தொட்டது?"

"நான்தான். கீறல் விழுந்துச்சு. ஜன்னலுக்கு வாங்கின பச்சை பெயிண்ட் மிச்சமிருந்துது, நேத்துதான் பூசினேன். பொருந்துதுல்ல?"

"அ... அச்சு அசலா இருக்கு."

கையிலிருந்த சுரண்டியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள்.

காற்று மெஷின் உறுமியது. தின்னர் நெடி கொட்டகையை நிறைத்தது. ரோஜே சிகரெட்டை எடுத்தான்.

"பத்த வைக்காதீங்க!" அலறினாள். "இந்த ஆவியில தீ பிடிச்சா ரெண்டு பேரும் சாம்பல்! சுடவும் கூடாது... ஒரு பொறி போதும்!"

முதல் முறையாக அவன் முகம் வெளுத்தது. துப்பாக்கி பைக்குள் போனது.

கை நடுங்கினால் பெயிண்ட் வழியும். முழங்கையை விலாவோடு அழுத்திக்கொண்டாள். ஒரு சாண் தூரம். நேர்கோடு. மெல்லிய மூன்று பூச்சு. அந்த மட்கார்டில் மட்டும் தூசி போலத் தூவினாள்.

மணி மூன்றே முக்கால். கார் கறுப்புக் கண்ணாடியாக மின்னியது.

"ஏறுங்க மதாம்!"

"நா... நான் எதுக்கு?"

"பாலத்துப் போலீஸ் சாவடி தாண்டுற வரைக்கும் நீங்க என் பொண்டாட்டி. அதுக்கப்புறம்... ஆத்தங்கரையில நிறைய இடம் இருக்கு."

அவள் வலது மட்கார்டைச் சுட்டிக் காட்டினாள்.

"மட்கார்டு மங்கலா இருக்கு மெஸ்யே. போலீஸ் கண்ணுல படும். ஒரே... ஒரே ஒரு பூச்சு!"

"சீக்கிரம்!"

பிஸ்தோலேயின் கிண்ணத்தில் தின்னரை இரண்டு மடங்கு ஊற்றினாள். நாலு விரல் தூரத்தில் பிடித்தாள். சொதசொதவென்று பீச்சினாள்.

பத்து நிமிடம். பாலத்துச் சாவடி.

போலீஸ்காரர் அகுஸ்தேன் காகிதங்களைப் புரட்டினார்.

"சரியா இருக்கு. போங்க..."

சட்டென்று குனிந்தார்.

மட்கார்டில் கறுப்பு, ஆறிய பாலின் ஆடை போலச் சுருங்கி எழும்பிக்கொண்டிருந்தது! விரலால் வழித்தார்.

பச்சை!

"இறங்குடா!"

விசில் அலறியது. நாலு துப்பாக்கிகள் ஜன்னலுக்குள் நுழைந்தன.

"என்னடி பண்ணினே?" ரோஜே கத்தினான்.

"காயாத எண்ணெய் பெயிண்ட் மேல தின்னர் பட்டா எழும்பிடும், மெஸ்யே. சுரண்டி எடுத்திருக்கணும். நான் எடுக்கல."

"ஏன்?"

அந்துவானேத் இறங்கினாள். கறுப்பு கவுனை நீவிவிட்டுக்கொண்டாள்.

"அன்னிக்கு நீங்க அடிச்சது என் புருஷன் எட்மோனை! துக்கத்துக்கு நான் போட்ட கறுப்பு ஒன்பது நாளா நிக்குது... உங்க கார் போட்டது பத்து நிமிஷத்துக்கு மேல நிக்கலையே, மெஸ்யே!"