கூரையில்லாத கார்க்காரன்

"உங்கடை காருக்குக் கூரை களவு போட்டுதோ?"

கீரிமலைக் கேணியருகே வேப்பமரத்து நிழலில் தன் எம்.ஜி. காரை நிறுத்திய இராசநாயகம் திடுக்கிட்டுத் திரும்பினான். பக்கத்தில் ஒரு கறுப்பு ஜகுவார். அதன் கதவில் சாய்ந்து ஈரக் கூந்தலை உலர்த்திக்கொண்டிருந்தாள் ஒருத்தி. வாய் சிரிக்கவில்லை... கண்கள் சிரித்தன. மை கரைந்த, பெரிய, வம்புக்காரக் கண்கள்.

காங்கேசன்துறையில் எஞ்சினியர் வேலை, சீமைக்குத் திரும்பிய தோட்டத்துரையிடம் வாங்கிய இரண்டு இருக்கைச் சிவப்புக் கார்... இவ்வளவும் உள்ளவனைப் பார்த்து ஒரு பெண் இப்படிக் கேட்கலாமா?

"இது ஓட்டுற சுகத்துக்கெண்டே செய்த கார்," என்றான் வீறாப்பாக. "காத்து முகத்திலை அடிக்கவேணும். றோட்டிலை கிடக்கிற கல்லெல்லாம் முதுகுக்குத் தெரியவேணும். உங்கடை ஜகுவாரும் நல்லாப் பாயும்தான்... ஆனால் பெட்டிக்குள்ளை இருந்து பாய்ஞ்சென்ன? உங்கடை டிரைவர் கொட்டாவி விட்டுக்கொண்டெல்லோ ஓட்டுவார்?"

"டிரைவர் நான்தான். இஞ்சை பாருங்கோ, திறப்பு," என்று சாவியை விரலில் சுற்றிக் காட்டினாள் அவள். "எனக்குக் கொட்டாவி வாறேல்லை."

இராசநாயகத்தின் காது சூடாகியது.

"என்ரை சுகம் வேறை. வளைவிலை எவ்வளவு வேகமாத் திருப்பினாலும், பின்னாலை அப்பாவின்ரை கையிலை இருக்கிற தேத்தண்ணி சிந்தக்கூடாது. உங்கடை காரிலை தேத்தண்ணி குடிக்கேலுமோ?"

மறுமொழி வருவதற்குள் அவளுடைய அப்பா, மலாயாப் பென்சனியர் கனகலிங்கம், ஈரவேட்டியும் திருநீறுமாக வந்து சேர்ந்தார். "ஞானாம்பிகை, போவமே பிள்ளை?" என்றபடி பின்னால் ஏறிக்கொண்டார். ஞானாம்பிகை... பெயர் அவன் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

சும்மா விடுவானா? தெல்லிப்பழை தாண்டியதும் ஹோர்ன் அடித்து ஜகுவாரை முந்தினான். அவள் வேகத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. மல்லாகத்தில் வானம் பொத்துக்கொண்டது. இறங்கி மடிப்புக் கூரையை இழுத்தான். ஒரு பக்கம் மாட்டினால் மறுபக்கம் காற்றில் அடித்துக்கொண்டது. அவன் மழையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, ஜகுவார் அதே நிதானத்தில் அவனைக் கடந்து போனது.

மருதனார்மடச் சந்திக்கு அவன் சொட்டச் சொட்ட வந்தபோது ஜகுவார் அங்கே நின்றது. கனகலிங்கம் குடையோடு வெற்றிலைக் கடைக்குப் போயிருந்தார். ஜன்னல் கண்ணாடி இறங்கியது. வளையல் போட்ட கை ஒன்று துவாயை நீட்டியது.

"தலையைத் துடையுங்கோ... தடிமன் பிடிக்கும்."

அவள் இமையில் ஒரு மழைத்துளி தங்கி நின்றது. அதைப் பார்த்த பிறகு அவனுக்குக் குளிரவே இல்லை.

அத்தோடு வீட்டுக்குப் போயிருந்தால் நல்ல பிள்ளை. விதி யாரை விட்டது? எதிரே தேத்தண்ணிக் கடையில் கூட்டாளி முருகேசு நின்றான். சுற்றி நாலைந்து பேர்.

"என்ன மச்சான், ஜகுவார் முதல் வந்திட்டுது... நீ நனைஞ்ச கோழி மாதிரி வாறாய்?"

உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. "அந்தப் பெட்டை தெல்லிப்பழையிலை இருந்து என்னோடை ரேஸ் ஓடினவள்," என்றான். "நான்தான் முன்னுக்கு நிண்டனான். பெட்டை பாவமெண்டு கடைசியிலை விட்டுக்குடுத்தனான்." கடை முழுக்கச் சிரித்தது. அவனும் சிரித்தான்.

அடுத்த வெள்ளி, துவாயைத் தோய்த்து மடித்துக் கடதாசிப் பையில் போட்டுக்கொண்டு கீரிமலைக்கு ஓடினான். ஜகுவார் வந்தது, கியர் நறநறக்க. ஓட்டியவர் யாரோ ஒரு கிழவர். ஞானாம்பிகை பின்னால் இருந்தாள். அவன் கிட்டப் போனதும் கண்ணாடி ஏறியது. அதற்குள் அந்தக் கண்களைப் பார்த்துவிட்டான். அழுது வீங்கியிருந்தன.

"உனக்குத் தெரியாதே?" என்றான் அன்று பின்னேரம் முருகேசு. "றோட்டிலை பெடியனோடை ரேஸ் ஓடுற பெட்டையெண்டு சண்டிலிப்பாய் முழுக்கக் கதை. தகப்பன் திறப்பைப் பறிச்சுப்போட்டார்."

இராசநாயகம் கூனிக் குறுகிப்போனான். அவள் எந்த ரேஸும் ஓடவில்லையே... ஓடியவன் அவன். தோற்றவனும் அவன். தன் ஒரு நிமிட வீம்புக்கு அவளுடைய ஒரே சுகத்தைப் பறித்துவிட்டான். இப்போது எம்.ஜி.யில் போகவே கூசியது. ஒளிந்துகொள்ளக் கூரை இல்லை. வழியில் போகிறவர்கள் எல்லாம் தன் முகத்தையே பார்ப்பது போல் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் சண்டிலிப்பாயில் அவள் வீட்டுக்குப் போனான். கனகலிங்கத்தின் முன்னால் தலை நிமிரவில்லை.

"ஐயா, அவ ரேஸ் ஓடேல்லை. தன்ரை பாட்டிலை வந்தவ. நான்தான் ஓடித் தோத்தனான். வெக்கத்திலை சந்தியிலை பொய் சொல்லிப்போட்டன்."

கனகலிங்கம் எழுந்து நின்றார். "என்னட்டைச் சொல்லி என்ன தம்பி? சந்தியிலை சொன்னதைச் சந்தியிலையெல்லோ மாத்தவேணும்." உள்ளே திரும்பினார். "பிள்ளை, காரை எடு. ஒரு தேத்தண்ணியும் கொண்டா."

விளிம்பு வரை நிறைந்த கோப்பை அவன் கைக்கு வந்தது. "பின்னாலை ஏறும். சந்தி வரைக்கும் இது சிந்தாமல் போனால் அவளுக்குத் திறப்பு. சிந்தினால் இல்லை." அவர் முன்னால் மகளுக்குப் பக்கத்தில் ஏறினார்.

மானிப்பாய் தாண்டியதும் பனைகள் பின்னோக்கிப் பறந்தன. அறுபது மைலைத் தொட்டது முள். கோப்பைக்குள் தேநீர் அசையவில்லை. உடுவில் வளைவில் மூச்சைப் பிடித்தான்... தேநீர் விளிம்பைத் தொட்டு, மெல்லத் திரும்பியது. ஓட்டுவதென்றால் இதுதானா? எம்.ஜி.யில் தான் அனுபவித்ததில் பாதி, ஊர் தன்னைப் பார்க்கிற சுகம் என்று அப்போதுதான் உறைத்தது.

சந்தியில் கார் நின்றது. கண்ணாடியை இறக்கினான். தேத்தண்ணிக் கடையில் அதே முகங்கள்.

"முருகேசு, நான் அண்டைக்குச் சொன்னது பொய். இவ ரேஸ் ஓடேல்லை. நான் வேணுமெண்டு முந்தி, மழையிலை நிண்டுபோனனான். இவவைப் பற்றி இனி ஆரும் ஒண்டும் கதைக்கப்படாது."

ஒருவன் களுக்கென்று சிரித்தான். பிறகு கடையே சிரித்தது. இம்முறை அவனைப் பார்த்து. தலை குனிந்து அதை வாங்கிக்கொண்டான்.

கனகலிங்கம் வெற்றிலை வாங்க இறங்கினார். பின்பார்வைக் கண்ணாடியில் அந்தக் கண்கள் அவனைத் தேடின.

"இவ்வளவு பேருக்கு முன்னாலை... வெக்கமா இல்லையோ?"

"வெக்கம்தான். இன்னொண்டு சொல்ல, இதைவிட வெக்கமாக் கிடக்கு."

"சொல்லுங்கோ... அப்பா வெத்திலை தெரிஞ்செடுக்க நேரம் செல்லும்."

"உங்கடை துவாயைத் தோய்ச்சு வைச்சிருக்கிறன்... திருப்பித் தர மனம் வருகுதில்லை. எனக்கு உங்களை விருப்பம். நீங்கள் ஓமெண்டால், அப்பாட்டைக் கேக்கிறன்."

அவள் ஸ்டியரிங்கை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். "உங்கடை காரிலை ரண்டு பேர்தானே இருக்கலாம். அப்பா எங்கை இருப்பார்?"

"வித்துப்போடுறன்."

"விக்க வேண்டாம்..." குரல் தாழ்ந்தது. "எனக்கும் அதை ஓட்டிப் பார்க்கவேணும். காத்து முகத்திலை அடிக்க... பக்கத்திலை நீங்கள் இருந்தால்."

அவ்வளவுதான். சண்டிலிப்பாயிலிருந்து சிந்தாமல் வந்த தேநீர் அவன் மடியில் கொட்டியது.

திரும்பி வந்த கனகலிங்கம் ஈரமான காற்சட்டையைப் பார்த்தார். மகளின் சிவந்த முகத்தையும் பார்த்தார்.

"கார் சிந்தேல்லை ஐயா," என்றான் பதறிப்போய். "என்ரை கைதான்."

"கார் நிண்டாப்பிறகு சிந்தினது கணக்கில்லை," என்று வெற்றிலையை மடித்தார் அவர். "பிள்ளை, அவருக்கு ஒரு துவாய் எடுத்துக் குடு."

"அவரிட்டை ஒண்டு இருக்கு, அப்பா," என்றாள் ஞானாம்பிகை.