வாசலில் மூன்று நாள்

2003 ஆகஸ்டில் ரிச்சர்ட்சன் ஊரில் அந்தப் பழைய வீட்டுக்குக் குடிவந்த அன்றே, சமையலறையைக்கூட எட்டிப் பார்க்காமல், வான்மதி பின்னறையில் போப்பாண்டவர் ஏழாம் கிரிகோரியின் படத்தை மாட்டினாள். பல்கலைக்கழகத்தில் அவளுடைய ஆராய்ச்சி அவரைப் பற்றித்தான். புருஷன் நஞ்சுண்டனுக்கு வயிறு எரிந்தது. செத்துத் தொள்ளாயிரம் வருஷமான மனுஷன்மேல் பொறாமை என்று வெளியே சொல்லவா முடியும்?

சாப்பிடும்போதும் அவளுக்கு அவர் பேச்சுதான்.

"ஜெர்மன் ராஜா ஹென்றி, பதவிய விட்டு எறங்குன்னு இவருக்கு லெட்டர் போட்டான். இவரு அவனையே தள்ளி வெச்சுட்டாரு. யாரும் அவன்கூடச் சேரக் கூடாதுன்னு ஆர்டர். கடைசில பனியில, வெறுங்கால்ல, மூணு நாள் கோட்டை வாசல்ல நின்னு மன்னிப்புக் கேட்டான்."

சொல்லும்போது அவள் முகம் பூரித்தது. தன்னைப் பார்த்து அப்படிப் பூரித்து எத்தனை மாதமாயிற்று என்று நஞ்சுண்டன் யோசித்தான்.

மறுநாள் அவள் வகுப்புக்குப் போனதும் படத்தைக் கழற்றித் தரையில் கவிழ்த்தான்.

"எறங்குய்யா கீழ."

அறையில் சாம்பிராணி வாசம் எழுந்தது.

சாயங்காலம் வான்மதி ஒரே ஒரு தட்டு வைத்துச் சாப்பிட்டாள். கூப்பிட்டான், திரும்பவில்லை. தோளைத் தொட்டான், ஈயை விரட்டுவதுபோல் தட்டிவிட்டாள். பின்னறையில் படம் பழையபடி சுவரில் இருந்தது.

ஆபீசில் நண்பன் சேனாபதி அவனைப் பார்க்காமலே கடந்து போனான். கடையின் தானியங்கிக் கதவு திறக்கவில்லை. மில்பிடாஸிலிருக்கும் தங்கைக்குப் போன் செய்தான். "ஹலோ? யாருங்க?" என்று நாலு தடவை கேட்டுவிட்டு அவள் வைத்துவிட்டாள்.

அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது, அவனையும் தள்ளி வைத்தாயிற்று.

செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்னறை வாசலில் நின்றான். வெளியே நூற்றுநாலு டிகிரி வெயில். காலடியில் தரை பனியாகச் சில்லிட்டது. மூடிய கதவுக்குள் ஒரு கிழட்டுக் குரல் ஏதோ சொல்ல, வான்மதி சிரித்தாள். குளிரைக்கூடத் தாங்கிவிட்டான், அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை.

"வானு, கதவத் தொற."



ஒரு நாள். இரண்டு நாள். அவள் வந்தாள், போனாள், அவனைக் கண்டுகொள்ளவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் கதவு திறந்தது. அவள் அவன் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"ஏனுங்க, இங்க நிக்கறீங்க? சாப்பிட்டீங்களா?"

அவன் தேம்பிக்கொண்டே மண்டியிட்டுவிட்டான். அவள் கை நீட்டினாள். தூக்கிவிடத்தான் என்று நினைத்தான். கை அவன் உதட்டருகே வந்து நின்றது. விரலில் தடித்த ஆண்பிள்ளை மோதிரம், போப்பாண்டவரைப் பார்க்க வருகிறவர்கள் மண்டியிட்டு முத்தமிடுவார்களே, அந்த மாதிரி.

"இது யாரு போட்டது?"

"எது?" என்றாள். அவள் பார்வை மெல்ல அவனைத் தாண்டி, வெறும் சுவருக்குப் போகத் தொடங்கியது.

பொறாமை தொண்டைவரை வந்தது. விழுங்கிக்கொண்டு, அவசரமாக மோதிரத்தில் முத்தமிட்டான்.

அறைக்குள் யாரோ திருப்தியாகச் செருமினார்.