மூன்று சரை கொண்டிஸ்

மீன்குளம் முழுவதும் கத்தரிப்பூ நிறமாகக் கிடக்க, நடுவில் ஓரிடம் மட்டும் தேத்தண்ணி நிறத்துக்கு மாறியிருந்தது. ஒரு சின்னப் பாய் அளவு இருக்கும். காற்று கிழக்கே தள்ளிக்கொண்டிருந்தது. அந்தக் கறை மேற்கே நகர்ந்தது.

ராஜரத்தினம் கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தார். நகர்ந்ததுதான்.

திலாப்பியாக்களின் செதிலடியில் நூல் நூலாகப் புழு தொங்கியதால் மீன்பிடி அலுவலர் வந்து பார்த்து, தண்ணீரைக் கத்தரிப்பூ நிறமாக்கும் கொண்டிஸ் மருந்துத் தூளை மூன்று கடதாசிச் சரைகளில் நிறுத்துக் கொடுத்திருந்தார். கிழமைக்கு ஒரு சரை. அடியில் ஏதும் அழுகிக் கிடந்தால் அந்த இடத்தில் நிறம் கெதியாக மாறும் என்றும் சொன்னார். அழுகுவது இடம் மாறும் என்று அவர் சொல்லவில்லை.

"மூண்டையும் ஒண்டாவோ கொட்டினனீங்கள்?" மகள் ரஜிதா வெறும் சரைகளைப் பொறுக்கியபடி கேட்டாள்.

"உவங்கள் எதையும் குறைச்சுத்தான் தருவாங்கள்."

"மனிசரை நம்பாட்டிப் போகுது. தராசையாவது நம்புங்கோவன் அப்பா."

மூன்று பிள்ளைகளில் இரண்டு சின்ன வயதிலேயே போய்விட, அவருக்கு மிஞ்சியவள் அவள் ஒருத்திதான். அவள் பகிடியை மட்டும் அவர் பொறுத்துக்கொள்வார்.

உச்சி வெயிலில் துருப்பிடித்த இரும்பைப்போல ஒரு மணம் எழும்ப, மருந்து அளவுக்கு மிஞ்சியதால் மீன்கள் நூற்றுக்கணக்கில் மேலே வந்து வாயைப் பிளந்து காற்றை உறிஞ்சின. தாய்ப்பால் தேடும் குழந்தைகள் ஒரே அறையில் நிறையக் கிடந்ததுபோல அந்தச் சப்புச் சத்தம் கரை முழுக்க நிறைந்தது. கறை இருந்த இடத்தில் மட்டும் ஒரு வாயும் இல்லை. அதைக் கண்ட மீன்கள் விலகி வழி விட்டன.

அயலவர் சிற்றம்பலம்தான் ஏதோ கொண்டுவந்து போட்டிருக்கிறார் என்று ராஜரத்தினம் நினைக்கப் பார்த்தார். முடியவில்லை.

தண்ணீரை அடித்துக் கலக்கினால் மீனுக்கு மூச்சு வருமென்று ரஜிதா பலகையோடு இறங்கினாள். கரையோரம், முழங்காலளவு தண்ணீர். அடித்தாள். கறை நின்றது. அவள் பக்கம் திரும்பியது.

"பிள்ளை, ஏறி வா."

"மீன் சாகுதப்பா."

"செத்தாச் சாகட்டும். ஏறு."

செத்த மீன் ஒன்றுக்கே நாலு நாள் புறுபுறுக்கிற மனிசன் இப்படிச் சொன்னதில் அவள் திகைத்துப்போய் அவரைப் பார்த்தாள். அதற்குள் கறை அவள் காலடிக்கு வந்துவிட்டது.

"சேறு காலை விடுகுதில்லை."

அங்கே சேறு இல்லை. மணல். அவரே கொட்டிய மணல்.

கையை எட்டிப் பிடித்து இழுத்தார். கனத்தாள். ஒரு ஆளின் கனம் இல்லை அது. இன்னும் இழுத்தார். வந்துவிட்டாள். இரண்டுபேரும் வரம்பில் விழுந்தார்கள்.

குளத்தைப் பார்த்தார். முழுக்கக் கத்தரிப்பூ நிறம். கறை எங்கேயும் இல்லை.

மருந்துத் தண்ணீர் ரஜிதாவின் கால்களை முழங்கால்வரை பழுப்பாக்கியிருந்தது. இடது கணுக்காலில் மட்டும் பழுப்பு ஏறாத தோல். நாலு கீற்று. ஒரு சின்னக் கீற்று. விரல்கள். நாலு வயதுப் பிள்ளையின் கை அளவு.

பார்க்கப் பார்க்க அந்த இடமும் பழுப்பானது. கெண்டைக்காலில் ஐந்து கீற்று வெளுத்தது.

"என்னப்பா பாக்கிறியள்?"

"ஒண்டுமில்லை."

முழங்காலுக்குக் கீழே ஐந்து. பிறகு அதுவும் இல்லை. அதற்கு மேலே மருந்து படவில்லை. மேலே போனால் தெரியாது.

"உடம்பெல்லாம் அடிச்சுப் போட்டமாதிரிக் கிடக்கு. போய்க் கொஞ்சம் படுக்கிறன்."

அவள் எழும்பி வீட்டுப் பக்கம் நடந்தாள். மெல்ல. முன்பக்கம் குனிந்து. சட்டையின் கழுத்து தொண்டையை அழுத்த, அதன் முதுகுப்பக்கம் கீழ்நோக்கி இழுபட்டிருந்தது. தூங்கிப்போன பிள்ளையைச் சுமக்கிறவள்போல, அவள் இரண்டு கைகளையும் தானாகவே பின்னால் கொண்டுபோய்க் கோத்துக்கொண்டாள்.