திறக்காத கதவுக்கு இரண்டு பொத்தான்கள்

காலைப் பணி முடிந்ததும், பேருந்து ஓட்டுநர் சட்டையைக்கூட மாற்றாமல், அவள் அந்தக் கண்காட்சிக் கூடத்துக்குள் நுழைந்தாள். செத்துப்போன தங்கையின் குரலைக் காட்டிப் பேர் வாங்குகிறான், தங்கையின் புருஷன். அதை நிறுத்தாமல் திரும்புவதில்லை என்றுதான் வந்திருந்தாள்.

வெளியே நல்ல வெயில். உள்ளே கண்ணைக் குத்தினாலும் தெரியாத இருட்டு, புதுப் பெயின்ட் நாற்றம். சுவரளவு திரையில் மட்டும் வெளிச்சம். அதில் ஒரு மூடிய கதவு. அதற்குப் பின்னாலிருந்து யாரோ தட்டிக்கொண்டே இருந்தார்கள். திரைக்கு முன்னால் இரண்டு பொத்தான்கள்: பச்சையில் 'திற', சிவப்பில் 'போ'.

"எதை அமுக்கினாலும் திறக்காதுக்கா," என்றான் தங்கையின் புருஷனான அந்தக் கலைஞன், பெருமையாக. "நம்ம கையில எதுவுமே இல்லங்கறதுதான் இதோட கரு. பார்க்கறவங்க அழுதுட்டுப் போறாங்க."

"அவ குரலை எடுத்துடு."

"அவ போன்ல அனுப்பின பழைய பதிவுதானேக்கா. 'இருக்கீங்களா, கதவைத் திறங்க'ன்னு ஏதோ நாலு வார்த்தை."

மழையில் கதவு ஊறி இறுகிவிட்டது, இழுத்து இழுத்துப் பார்த்தேன், அதற்குள் மூச்சிரைப்பில் போய்விட்டாள் என்று அன்றைக்கு மார்பில் அடித்துக்கொண்டு அழுதவன் இவன். ஊரே நம்பியது. அவளும் நம்பித் தொலைத்தாள்.

ஆத்திரத்தில் பச்சையை ஓங்கி அமுக்கினாள்.

தட்டல் நின்றது.

தைல வாசனை வந்தது. மூச்சுத் திணறும்போதெல்லாம் தங்கை நெஞ்சில் தேய்த்துக்கொள்ளும் தைலம்.

"தாழ்ப்பாள எடுங்க," என்றது தங்கையின் குரல். "வேலை கெடுதுன்னு நீங்கதானே வெளிய போட்டீங்க? காதுல மாட்டியிருக்கற ஹெட்போனக் கழட்டுங்க..."

கலைஞனின் முகம் வெளிறியது. "இது... இத நான் சேர்க்கவே இல்ல."

"அடப்பாவி! கதவு இறுகிப்போச்சுன்னியேடா!"

அவன் கணினியை அணைக்க, திரைக்குப் பின்னால் இருந்த சின்ன அறைக்குள் ஓடினான். அவள் விடாமல் துரத்திப் போனாள்.

அறைக் கதவு அவள் முகத்துக்கு நேரே சாத்திக்கொண்டது.

வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்தது. நீலத் தாழ்ப்பாள். தங்கை தன் வீட்டில் தன் கையாலேயே வண்ணம் பூசி, ஈரம் காயுமுன் தொட்டுவிட்டு, விரல் பதிந்துபோச்சே என்று சிரித்த அதே தாழ்ப்பாள்.

"அக்கா! திறங்கக்கா! மூச்சு முட்டுது!"

நாசமாய்ப் போ என்றுதான் வாயில் வந்தது. ஆனாலும் பாழாய்ப்போன கை தாழ்ப்பாளுக்குப் போனது. அந்தக் கைமேல் இன்னொரு கை விழுந்தது, சில்லென்று.

"விடுக்கா."

விட்டாள்.

பார்வை நேரம் வந்ததும் கூடத்தைத் திறந்துவிட்டார்கள். கூட்டம் வந்து திரைக்கு முன்னால் நின்றது.

"நிஜமாவே மாட்டிக்கிட்டேன்! யாராவது திறங்க!"

"என்ன நடிப்பு! புல்லரிக்குது," என்று ஒரு கண்ணாடிக்காரர் பச்சையை அமுக்கினார். அடுத்தவரும் அமுக்கினார். திறக்கவில்லை. ஓர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் சத்தம் அடங்கியது.

அப்போதுதான், இதுவரை யாருக்கும் திறக்காத திரைக்கதவு மெல்லத் திறந்தது. உள்ளே ஒருவரும் இல்லை. எல்லோரும் கைதட்டினார்கள்.

அவள் வெயிலுக்கு வந்தாள். தைல வாசனையும் கூடவே வந்தது.