வில்லி கிடைக்கவில்லை

அன்றைக்கும் வில்லி தப்பித்துவிட்டாள். சொத்துக்காகச் சொந்தத் தம்பியைக் கிணற்றில் தள்ளியவளுக்கு, உள்மனக் குல்லாய் அணிந்த நேயர்கள் அத்தனை பேரும் ‘நியாயம்’ பொத்தானை அழுத்திவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்கள்.

தென்காசியில் இருந்தபடி அந்தத் தொலைக்காட்சித் தொடருக்குக் கதை எழுதும் மதுரவேணிக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. பக்கத்தில் அவள் கணவனின் அக்கா உலகம்மாள் குல்லாயைக் கழற்றி, முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

“பாவம்ட்டி அவ! சின்ன வயசுல தம்பிக்கு மட்டுந்தான் முட்டை வச்சிருக்காவ. உள்ள போய்ப் பாத்தாத்தான அந்த வயித்தெரிச்சல் தெரியுது.”

“அதுக்காகக் கிணத்துலயா தள்ளுவாவ, மதினி?”

“நானா இருந்தாலும் தள்ளிருப்பேன்.”

இதுதான் சங்கடம். காட்சி முடிந்ததும் குல்லாயை மாட்டினால், ஒரு நிமிடம் நாம் அந்தப் பாத்திரமாகவே ஆகிவிடுவோம். அவளுடைய பயம், ஆசை, பழைய காயம் எல்லாம் நம்முடையதாகிவிடும். பிறகு தீர்ப்பு நம் கையில். உள்ளே போய்ப் பார்த்தால் யாரிடம்தான் காரணம் இல்லை? வில்லன்கள் ஒழிந்தார்கள். சண்டை தீர்ந்த வீட்டில் நமக்கென்ன வேலை என்று நேயர்களும் ஒவ்வொருவராக நழுவத் தொடங்கினார்கள்.

தயாரிப்பாளர் ஜெகவீரன் சென்னையிலிருந்து திரையில் தோன்றினார். “மேடம், வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரே ஒரு வில்லனாவது ‘அநியாயம்’னு தீர்ப்பு வாங்கணும். இல்லன்னா தொடருக்குச் சுபம் போட்டுடுவேன்.”

பெற்ற பிள்ளையாக வளர்த்த தொடர். மதுரவேணி விடுவாளா? மருந்தில் கலப்படம் செய்பவனை எழுதினாள். தங்கைகளைக் கரையேற்றத்தானே செய்தான் என்றார்கள். காரணமே இல்லாமல் கொலை செய்பவனை எழுதினாள். கொல்லக்கூட ஒரு காரணம் அமையாத பிறவி, ஐயோ பாவம் என்று அதற்கும் அழுதார்கள். நாசமாய்ப் போச்சு!

மனம் வெறுத்து உட்கார்ந்திருந்தபோது வாசலில் அழைப்புமணி அடித்தது. குல்லாய்க்குள் இருந்த உலகம்மாள், “கொஞ்சம் இருட்டி, தீர்ப்பு சொல்லிட்டு வாரேன்” என்றாள். ஆனால் அசையவில்லை. மதுரவேணி மதினியையே வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். பிறகு விறுவிறுவென்று எழுத ஆரம்பித்தாள்.

புதிய வில்லியின் பெயர் நாகரத்தினம். அவள் யாரையும் தள்ளவில்லை, விஷம் வைக்கவில்லை. குல்லாயை மாட்டிக்கொண்டு ஒரு கதைக் கொலைகாரனுக்காக உருகி அழுதுகொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி, காய்ச்சலில் துவண்ட பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கதவைத் தட்டோ தட்டென்று தட்டினாள். நாகரத்தினத்துக்கு அது கேட்டது. ஆனால் தீர்ப்புப் பொத்தானை அழுத்தும் சுகத்தை விட மனமில்லாமல் அவள் எழுந்திருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அந்தக் காட்சி ஓடி முடிந்தது. உலகம்மாள் நாகரத்தினத்துக்குள் போய், குல்லாயைப் பிய்த்து எறியாத குறையாக வெளியே வந்தாள்.

“சீ! இவல்லாம் ஒரு பொம்பளையா? அடுத்தவ கஷ்டத்துக்குத் தீர்ப்பு சொல்லதுல அப்படி என்ன ருசி இவளுக்கு?” என்று ‘அநியாயம்’ பொத்தானை ஓங்கிக் குத்தினாள்.

ஜெகவீரன் திரையிலேயே குதித்தார். “பிச்சிட்டீங்க மேடம்! ஒருத்தர் பாக்கியில்லாம ‘அநியாயம்’! ஊரே காறித் துப்புது! இவளை நாலு வருஷம் விடவே கூடாது.”

மதுரவேணி தயங்கித் தயங்கிக் கேட்டாள். “சார், இவளைப் பாத்து யாருக்காவது... நமக்குத் தெரிஞ்ச ஆள் மாதிரி இருக்கேன்னு தோணுச்சாமா?”

“தோணாம? எல்லாரும் அதையேதான் சொல்றாங்க. அச்சு அசல் அவங்கவங்க பக்கத்து வீட்டு அம்மாவாம்!”