நெஞ்சுவலிக்காரி

காலை ஏழு மணிக்குத் தனபாக்கியம் வாசலில் நின்றுதான் மருந்து குடிப்பாள். உள்ளே குடித்தால் ஊருக்கு எப்படித் தெரியும்? ஆறு வருடமாக அவள் நெஞ்சுவலிக்காரி. குடம் தூக்குவதில்லை. பக்கத்து வீட்டுக் கமலம்தான் அடிபம்பில் தண்ணீர் பிடித்துத் தருவாள். "பட்டாளத்துல இருந்த புள்ளைய அழுது கூப்ட்டுகினியே..." என்று கூடவே ஒரு குத்தும் வைப்பாள். தனபாக்கியம் அதையும் வாங்கிக்கொள்வாள்.

உண்மையில் அந்த நெஞ்சுக்கு ஒரு கோளாறும் கிடையாது. வலியைக் கண்டுபிடித்தவர் அவள் கணவர், ஓய்வுபெற்ற ஹவில்தார் வேதாசலம். எழுபத்திரண்டில் மகன் கனகராஜைப் பட்டாளத்திலிருந்து அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு ஒரு சிப்பாய் இருக்கிற ஊர். காரணம் தெரிந்தால் மானம் போய்விடும் என்று, அம்மாவுக்கு உடம்பு முடியாமல் வந்துவிட்டான் என்று அவரே சொல்லிவிட்டார்.

மகனுக்கோ, தன் சேதி கேட்டுத்தான் அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்தது என்று நினைப்பு. அந்தக் குற்ற உணர்வோடுதான் ஆம்பூர் தோல் கம்பெனிக்கு வேலைக்குப் போய்வந்தான். அம்மா முகத்தை நிமிர்ந்து பார்ப்பதில்லை. அவனிடம் சொல்லிவிட எத்தனையோ முறை வாயெடுத்தாள். சொன்னால் அவன் நேரே தெருவில் போய் உண்மையை உடைப்பான் என்று வேதாசலம் அடக்கிவிடுவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை மேல்விஷாரத்திலிருந்து பழைய சுபேதார் சர்தார் பாஷா வந்திருந்தார். சுதந்திர தினத்துக்குள் பஸ் நிறுத்தத்தில் ஊர்ச் சிப்பாய்களின் பெயர்ப்பலகை வைக்க வேண்டும். கையிலிருந்த தாளைப் படித்தார். "கனகராஜ். தாயார் நோயால் விலகல்."

"அது பொய் மாமா," என்றான் கனகராஜ். "நெசத்த எழுதுங்க. இல்லன்னா என் பேரே வேணாம்."

வேதாசலம் சீறினார். "மேஜர் கேட்டப்ப, கூட இருந்த தானியேல் வெறும் தோஸ்த்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். ஒரு ஆம்பள மேல ஆசைன்னு எவனாச்சும் சொல்லுவானா?"

"கேட்டாரு, சொன்னேன். எழுபத்தொண்ணுல எல்லையில நின்னப்ப யாரும் கேக்கலியே..."

சர்தார் பாஷா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பட்டாளத்துல எனக்குக் கீழயும் அப்படி ரெண்டு பேர் இருந்தாங்க தம்பி. நல்ல சிப்பாயிங்க. தெரிஞ்சும் தெரியாத மாதிரி இருந்துட்டேன். வெளிப்படையா சொல்லிகினு சர்வீஸ் பண்றதுக்கு பட்டாளம் இன்னும் தயாராவல. அதுக்கு ஒரு காலம் வரும்."

"எப்ப மாமா?"

வேதாசலம் குறுக்கிட்டார். "உங்கம்மா நெஞ்சுவலியப் பாத்துமா உனக்குப் புத்தி வரல?"

கனகராஜின் தலை தொங்கியது. அந்தத் தொங்கல்தான் தனபாக்கியத்துக்குப் பொறுக்கவில்லை.

"காலம் வர்ற வரைக்கும் நான் மருந்து குடிக்கணுமா?" என்றவள் பித்தளைக் குடத்தை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். பம்பை அடித்தாள். குடம் வழிய நிரம்பியதும் ஒரே மூச்சில் தூக்கி இடுப்பில் வைத்தாள். வரிசையில் நின்ற கமலம் வாயைப் பிளந்தாள்.

கனகராஜ் பதறி ஓடி வந்தான். "அம்மா, எறக்கு... நெஞ்சு..."

"என் நெஞ்சுக்கு ஒரு நோவும் இல்லடா. உங்கப்பா சொன்னாரு, நான் நடிச்சேன். உன்னால எனக்கு ஒண்ணும் ஆவல. தெரியுதா?" கமலத்தின் பக்கம் திரும்பினாள். "நான் கூப்ட்டு அவன் வரல. நெசம் சொன்னான், அனுப்பிட்டாங்க."

ஆறு வருடத்துக்குப் பிறகு அவன் அவள் முகத்தைப் பார்த்தான். குடத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு அழுதான். தண்ணீர் சிந்தி இருவரும் நனைந்தார்கள்.

வாசலில் சர்தார் பாஷா பேனாவைத் திறந்து வைத்திருந்தார். "வேதாசலம், இப்ப இன்னா எழுதறது?"

வேதாசலம் தெருவில் நனைந்து நின்ற இருவரையும் பார்த்தார்.

"விலகல்னு போடாதீங்க சாப். அனுப்பிட்டாங்கன்னு போடுங்க."

"ஏன்னு கேட்டா?"

"கேக்கறவன எங்கிட்ட வரச் சொல்லுங்க."

தனபாக்கியம் குடத்தை மகன் கையில் கொடுத்துவிட்டு, கமலத்தின் காலிக் குடத்தை வாங்கிப் பம்பின் கீழே வைத்தாள்.